கிறிஸ்துமஸ் அட்டையில் ஸ்டாம்ப் சரியாக விழவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

ஸ்டாம்பை மையில் ஒற்றி அட்டையில் வைத்து எடுத்தால், மரத்தில் பாதிக் கிளையைக் காணோம். நட்சத்திரத்தைச் சுற்றி அழுக்கு. எழுத்து வெளிறிக் கிடக்கிறது. அடுத்த அட்டையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் பலமாக அழுத்துவது. நானும் பல வருடம் அப்படித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். கை வலித்ததே தவிர அச்சு தேறவில்லை. அழுத்தம் போதாமல் வரும் கோளாறு மிகக் குறைவு. மையும் காகிதமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததாலோ, ஸ்டாம்பின் மேற்பரப்பு சரியில்லாததாலோ வருபவைதான் அதிகம்.

அதனால் கெட்டுப்போன அட்டையைக் கசக்கி எறியாதீர்கள். பின்பக்கம் பென்சிலால் எந்த மை, எந்த அட்டை என்று எழுதி வைத்துக்கொண்டு, கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மையையும் அட்டையையும் சேர்த்து மாற்றினால் அச்சு நன்றாக விழுந்தாலும் எதனால் விழுந்தது என்று தெரியாமல் போய்விடும்.

புதுக் கிளியர் ஸ்டாம்ப்: மை முத்துமுத்தாக நிற்கிறது, அச்சு திட்டுத்திட்டாக விழுகிறது

மை தொட்ட ஸ்டாம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மை ஒரே படலமாகப் பரவாமல், தாமரை இலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு திரண்டு நிற்கும். அட்டையில் அடித்தால் அந்த உருண்டைகள் மட்டும் பதியும், இடைப்பட்ட இடமெல்லாம் வெள்ளையாக நிற்கும். பெரிய பரப்பு உள்ள ஸ்டாம்பில், அதாவது உள்ளே முழுக்க நிறம் நிரம்ப வேண்டிய மணி, இதயம், பனிமனிதன் மாதிரியான உருவங்களில், இது பளிச்சென்று தெரியும்.

கண்ணாடிபோல் தெரியும் பாலிமர் ஸ்டாம்புகளை அச்சில் வார்த்து எடுக்கிறார்கள். மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், வார்ப்பின் எச்சமும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தில் மை பிடிக்காது. எத்தனை பலமாக அழுத்தினாலும் உருண்டை நசுங்கி ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான்.

முதலில் லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். அப்புறம் பென்சில் கோட்டை அழிக்கும் சாதாரண வெள்ளை ரப்பரை எடுத்து, மை தொடும் பரப்பு முழுக்க வட்டவட்டமாக மெதுவாகத் தேயுங்கள். அரை நிமிடத்தில் பளபளப்பு மங்கி, கண்ணாடி மேல் மூச்சு விட்டதுபோல லேசாகப் பனி பூத்த மாதிரி ஆகும். அதுதான் நமக்கு வேண்டிய நிலை. தூளைத் தட்டிவிட்டு இரண்டு மூன்று முறை வேண்டாத தாளில் அடித்துப் பாருங்கள். முதல் அச்சைவிட மூன்றாவது அச்சு கண்டிப்பாக மேலாக இருக்கும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் மிக நைசான உப்புத்தாளால் இரண்டே இரண்டு தடவை வருடலாம். ஆனால் முழு நிறம் நிரம்பும் உருவங்களுக்கு மட்டும்தான் இது. மெல்லிய கோடுகள் உள்ள ஸ்டாம்பில் உப்புத்தாளை வைக்கவே வைக்காதீர்கள். கோட்டின் முனை மழுங்கிவிட்டால் திரும்ப வராது.

இன்னொரு வழியும் உண்டு. எம்பாஸிங்குக்கு, அதாவது ஈர மையில் பவுடர் தூவிச் சூட்டில் உருக்கி அச்சை மேடாக்கும் வேலைக்கு, வைத்திருக்கும் நிறமற்ற பிசுபிசுப்பு மையை, வெர்சாமார்க் போன்றதை, முதலில் ஸ்டாம்பில் ஒற்றி, அதைத் தாளில் அடித்து எடுத்துவிட்டு, அதன் மேல் நிற மையைத் தொடுங்கள். மெல்லியதாகத் தங்கும் அந்தப் பிசுபிசுப்பு நிற மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிற மை பேடில் அது கொஞ்சம் ஒட்டும் என்பதால் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நடுவில் வெளிறுகிறது, அல்லது ஒரு பக்கம் மட்டும் விழவில்லை

முதலில் ஒரு சோதனை. ஸ்டாம்பை அரைவட்டம் திருப்பி, அதே மேசையில், அதே கையால் அடியுங்கள். வெளிறிய இடமும் படத்தோடு சேர்ந்து திரும்பிவிட்டால் கோளாறு ஸ்டாம்பில் இருக்கிறது. படம் திரும்பியும் வெளிறல் மேசையின் அதே பக்கத்தில் நின்றால், கோளாறு மேசையிலோ உங்கள் கை சாயும் விதத்திலோ இருக்கிறது.

ஸ்டாம்பில் என்றால், அதை ஒட்டியிருக்கும் கட்டையிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். ஸ்டாம்புக்கும் அக்ரிலிக் கட்டைக்கும் நடுவில் ஒரு காற்றுக்குமிழோ தலைமுடியோ சிக்கியிருந்தால் போதும், அந்த இடம் அச்சில் மாறுபடும். கட்டை படத்தைவிடச் சின்னதாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அழுத்தமே போகாது. மரக்கட்டையில் ஒட்டிய பழைய ஸ்டாம்பில் அடியில் உள்ள ஃபோம் ஒரு பக்கம் அமுங்கிப் போயிருக்கலாம்.

மேசை என்றால் தீர்வு சுலபம். பெரிய படங்களுக்கு அட்டையின் கீழே மெல்லிய ஃபோம் ஷீட்டோ பழைய மவுஸ் பேடோ வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு அடிக்காமல் எழுந்து நின்று, ஸ்டாம்புக்கு நேர் மேலே தோள் வரும்படி நின்று அழுத்துங்கள். கட்டையின் நடுவிலும் நாலு மூலையிலும் விரலால் ஒவ்வொரு தடவை அழுத்தினால் போதும். சின்ன எழுத்து ஸ்டாம்புக்கு மட்டும் கீழே மெத்தை வைக்காதீர்கள். எழுத்து அட்டைக்குள் அமிழ்ந்து, சுற்றியிருக்கும் ரப்பரும் மை பதித்துவிடும்.

படம் முழுக்கப் பரவலாக ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா? அது அட்டையின் குற்றம். சொரசொரப்பான அட்டையில் மேடு மட்டும் மையைத் தொடும், பள்ளம் தொடாது. வாட்டர்கலர் தாளிலும் சொரசொரப்பான வகையை விட்டு, ஹாட் பிரஸ்ட் என்று சொல்லும் வழவழப்பான வகையை எடுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டாம் தடவை அடிக்க முடிந்தால் இந்தக் கோளாறுகளில் பாதி மறைந்துவிடும். ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் என்ற கருவி அதற்காகத்தான். காந்தம் அட்டையை அசையாமல் பிடிக்கும், கீல் வைத்த மூடியில் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், புத்தகத்தை மூடுவதுபோல் மூடினால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழும். இருபது அட்டைக்கு மேல் செய்கிறவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

படத்தைச் சுற்றித் தேவையில்லாத கோடுகள், அழுக்கு

சிவப்பு ரப்பர் ஸ்டாம்புகளில் அதிகம் வரும். படம் மேலே இருக்கும், அதைச் சுற்றி வெட்டாமல் விட்ட ரப்பர் கொஞ்சம் தாழ இருக்கும். அதிலும் மை ஒட்டி அட்டையில் தேய்கிறது.

கூர்மையான கத்தரியால் படத்தை ஒட்டி வெட்டிவிடுங்கள். வெட்டும்போது கத்தரியைச் சாய்த்துப் படத்துக்கு அடியில் குடைந்துவிடாதீர்கள். அடிப்பக்கம் அகலமாக இருந்தால்தான் கோட்டுக்குப் பிடிமானம் இருக்கும். வெட்ட முடியாத மரக்கட்டை ஸ்டாம்ப் என்றால், மை தொட்டதும் ஓரத்தை மட்டும் ஒரு துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள்.

இதைவிட முக்கியம், மை தொடும் முறை. பேடை மேசையில் வைத்து அதன் மேல் ஸ்டாம்பை அமுக்குவதுதான் பலரின் பழக்கம். அதை மாற்றுங்கள். ஸ்டாம்பைப் படம் மேலே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு, பேடைக் கவிழ்த்து அதன் மேல் தட்டுங்கள். மெதுவாகத் தட்டித்தட்டி எடுத்தால் எங்கே மை படவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரியும், பள்ளத்தில் மை இறங்கவும் இறங்காது. அடிக்கும்போது ஸ்டாம்பை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். ஆட்டினால் மை நன்றாகப் பதியும் என்று யாரோ எப்போதோ சொன்னது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆட்டினால் ஓரம்தான் பதியும்.

சின்னச் சின்ன இடைவெளிகள் அடைபட்டு, தேவதையின் முகம் கறுப்புப் பொட்டாக விழுகிறதா? மை அதிகம். ஈரமான ஃபோம் பேடில் இது சகஜம். ஒரு தடவை வேண்டாத தாளில் அடித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் இரண்டாவதாக அட்டையில் அடியுங்கள். கோடு இரண்டிரண்டாக விழுந்தால் எடுக்கும்போது கை நழுவியிருக்கிறது. இடது கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாம்பை நேர் மேலே தூக்குங்கள்.

மணிக்கணக்காகியும் மை காயவில்லை, தொட்டால் இழுபடுகிறது

இந்த ஒரு கோளாறால் ஒரு வருடம் நாற்பது அட்டைகளை இழந்தேன். ஆழ்ந்த பச்சை நிறத்தில் மாலை வளையங்கள், அச்சு அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. பளபளப்பான அட்டை. இரவு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அடுத்த அட்டையின் வளையம் மங்கலாக ஒட்டியிருந்தது. மையில் குற்றமில்லை, அட்டையிலும் குற்றமில்லை. இரண்டையும் சேர்த்ததுதான் தப்பு.

மைகளை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். டை இங்கில் நிறம் முழுக்கக் கரைந்திருக்கிறது. அது காகித இழைக்குள் ஊறி உடனே காயும், நிறம் ஒளி ஊடுருவும்படி இருக்கும். பிக்மென்ட் இங்கில் நிறம் நுண்ணிய தூளாக மிதக்கிறது. அது காகிதத்தின் மேலே உட்கார்ந்துகொள்ளும், நிறம் அடர்த்தியாக இருக்கும், ஆனால் காய நேரமாகும். சாதாரண அட்டையில் சில நிமிடமும் ஆகலாம், ஒரு இரவும் ஆகலாம். பளபளப்பான பூச்சுள்ள அட்டையில் ஊறுவதற்கு இடமே இல்லாததால் காயாமலே இருந்துவிடக்கூடும். சால்வென்ட் இங்க் மூன்றாவது வகை. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்கிறது. ஊறத் தேவையில்லை. பளபளப்பான அட்டை, பிளாஸ்டிக், உலோகத் தாள், கண்ணாடி எல்லாவற்றிலும் நிற்கும்.

பேடைத் திறந்தால் இரண்டு முக்கிய வகைகளையும் ஓரளவு அடையாளம் காணலாம். டை இங்க் பெரும்பாலும் இறுக்கமான துணி போன்ற ஃபெல்ட்டில் வரும். பிக்மென்ட் இங்க் பெரும்பாலும் மென்மையான ஃபோமில் வரும்.

ஆக, பளபளப்பான அட்டைக்கு சால்வென்ட் இங்க். சாதாரண அட்டைக்கு டை அல்லது பிக்மென்ட். பிக்மென்ட் என்றால் பரப்பிக் காயவிடுங்கள், அடுக்காதீர்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள், காயவில்லை என்றால், ஈரம் இருக்கும்போதே நிறமற்ற எம்பாஸிங் பவுடரைத் தூவிச் சூடாக்குங்கள். பவுடர் உருகி மையை மூடிவிடும். அந்த நாற்பதையும் இப்படிக் காப்பாற்றியிருக்கலாம், அப்போது எனக்குத் தெரியவில்லை.

சால்வென்ட் இங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் துடைக்கத் தண்ணீர் உதவாது, அதற்கென்று உள்ள திரவம்தான் வேண்டும். அந்தத் திரவம் கிளியர் ஸ்டாம்பில் நெடுநேரம் நின்றால் பாலிமரைக் கெடுக்கும். துடைத்த கையோடு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் இந்த மைக்கு அதையே பயன்படுத்துவது நல்லது. வாசனையும் கடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் தீட்டும்போது கறுப்புக் கோடு கரைந்து ஓடுகிறது

1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்டதுதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த படத்தைக் கோடாக அச்சிட்டு, உள்ளே கையால் வண்ணம் தீட்டினார்கள். நாம் செய்வதும் அதே வேலைதான்: கோட்டை ஸ்டாம்பால் அடித்து உள்ளே நிறம் கொடுக்கிறோம். அதனால் நமக்கும் கோடு கரையக்கூடாது.

எதைக் கொண்டு வண்ணம் தீட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மையை எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலும் கோடு கரைகிறது.

தூரிகையும் வாட்டர்கலரும் என்றால், காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். மையின் உறையில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் சார்ந்த பிக்மென்ட் மைகளில் பலவும், சால்வென்ட் மையும் இதற்குச் சரி. சாதாரண டை இங்க் தண்ணீர் பட்டால் சாம்பல் நிறமாக ஓடும். சில டை மைகளை வேண்டுமென்றே தண்ணீரில் ஓடும்படி தயாரிக்கிறார்கள். பின்னணியில் நிறம் கலக்க அவை அருமை, கோட்டுக்கு உதவாது.

ஆல்கஹால் மார்க்கர் என்றால் கதை தலைகீழ். தண்ணீருக்கு அசையாத சால்வென்ட் மை, ஆல்கஹால் பட்டதும் கரைந்து மார்க்கரின் முனையையும் அழுக்காக்கும். இங்கே மெமெண்டோ போன்ற தண்ணீர் சார்ந்த டை மைதான் நிற்கும். நன்றாகக் காயவிட்ட பிறகு தொடுங்கள். கலர் பென்சில் என்றால் எந்த மையானாலும் பரவாயில்லை, காய்ந்திருந்தால் போதும்.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு அட்டையில் கோட்டை அடித்து, பத்து நிமிடம் விட்டு, அதன் குறுக்கே தூரிகையையோ மார்க்கரையோ மூன்று தடவை இழுங்கள். கோட்டுக்கு அப்பால் வால் முளைத்தால் அந்த ஜோடி வேண்டாம்.

கரும்பச்சை, கருநீல அட்டையில் நிறமே தெரியவில்லை

டை இங்க் ஒளி ஊடுருவுவது. கருநிற அட்டையில் அது ஈரம் பட்ட கறைபோல்தான் தெரியும். எத்தனை தடவை அடித்தாலும் மாறாது. பிக்மென்ட் மைக்குப் போங்கள். வெள்ளை பிக்மென்ட் மையும் முதல் அச்சில் பால் கலந்த தண்ணீர்போலத்தான் விழும். அது காய்ந்த பிறகு அதே இடத்தில் இரண்டாம் தடவை அடித்தால் வெளுப்பு ஏறும். பால் வெள்ளையாகவே வேண்டும் என்றால் வெள்ளை எம்பாஸிங் பவுடரைத் தவிர வேறு வழியில்லை. கருநீல அட்டையில் வெள்ளை எம்பாஸிங்கில் பனித்துளி அடித்தால், அதற்கு மேல் எந்த அலங்காரமும் தேவைப்படாது.

எம்பாஸிங்: படத்துக்கு வெளியேயும் பவுடர் ஒட்டுகிறது, எண்ணெய்க் கறைபோல் ஆகிறது, சொரசொரப்பாக நிற்கிறது

மூன்றும் வெவ்வேறு கோளாறுகள்.

வெளியே ஒட்டினால் அட்டையில் ஈரம், கைப்பிசுக்கு, அல்லது மின்னேற்றம். ஸ்டாம்ப் அடிப்பதற்கு முன்பே அட்டை முழுவதையும் ஆன்டி-ஸ்டாட்டிக் பவுடர் பையால் துடைத்துவிடுங்கள். பை இல்லையென்றால் கொஞ்சம் கார்ன்ஃப்ளோரை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, அட்டையில் லேசாக ஒற்றினாலும் அதே பலன். மழை நாட்களில் இதைத் தவறாமல் செய்யுங்கள். பவுடரைத் தூவிக் கொட்டியதும் அட்டையின் பின்பக்கம் விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பதை உலர்ந்த சின்னத் தூரிகையால் தள்ளிவிட்டு, அப்புறம் சூடாக்குங்கள். உருகிவிட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணெய்க் கறைபோல் தட்டையாகி நிறம் மங்கினால் சூடு அதிகம். பவுடர் உருகி மேலே நிற்பதற்குப் பதிலாகக் காகிதத்துக்குள் இறங்கிவிட்டது. சொரசொரப்பாக, சர்க்கரை தூவியதுபோல் நின்றால் சூடு போதவில்லை. சரியான நேரத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஹீட் கன் என்ற, கடும் சூட்டுக் காற்று வரும் கருவியை அட்டையிலிருந்து விலக்கிப் பிடித்துப் பத்துப் பதினைந்து விநாடி சூடேற விடுங்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். தூளாக, மங்கலாக இருக்கும் பவுடர் ஒரு கணத்தில் ஈரமான மாதிரி மின்னி, கோடு மேலெழும்பும். அந்த மினுமினுப்பு ஓடும் இடத்தைத் தொடர்ந்து கையை நகர்த்துங்கள். மின்னிய இடத்தில் ஒரு விநாடிகூட நிற்காதீர்கள். தங்க நிறப் பவுடரில் இதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம், பழுப்புத் தூள் அப்படியே பொன்னாகும்.

தலைமுடி காயவைக்கும் டிரையர் இதற்கு உதவாது. பவுடரை ஊதிப் பறக்கடிக்கும், உருக்கும் அளவுக்குச் சூடும் வராது. அட்டை சூட்டில் வளைந்துகொண்டால், பின்பக்கம் சில விநாடி சூடு காட்டி, ஆறியதும் கனமான புத்தகத்தின் அடியில் வைத்துவிடுங்கள். மெல்லிய கோட்டுக்கும் எழுத்துக்கும் நைசான, டீடெய்ல் என்று போட்டிருக்கும் பவுடரை எடுங்கள். சாதாரணப் பவுடரில் சின்ன எழுத்தின் சுழி அடைபட்டுவிடும்.

மடித்த இடம் வெடிக்கிறது, அட்டை விரிந்தே நிற்கிறது

காகிதத்துக்கு இழையோட்டம் உண்டு. அட்டையை இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும். அந்த வளைவுக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு வரும். குறுக்கே மடித்தால் இழை உடைந்து வெள்ளையாகப் பல்லிளிக்கும். மடிப்பதற்கு முன்பு அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு கிழியுங்கள். கிழித்த பள்ளம் வெளியே வரும்படி, மறுபக்கத்து மேடு உள்ளே போகும்படி மடியுங்கள். பலரும் இதை மாற்றி மடிக்கிறார்கள்.

அட்டையின் கனம் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை இருந்தால் நிமிர்ந்து நிற்கும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை கிடைக்கும். அது சி6 உறையில், அதாவது 114க்கு 162 மில்லிமீட்டர் உறையில், வசதியாகப் போகும். உறை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையை வெட்டுங்கள்.

முதல் பத்து அட்டை அடர்த்தி, கடைசிப் பத்து வெளிறல்

பேட் வற்றுகிறது. அதே மையின் ரீஃபில் புட்டியிலிருந்து சில சொட்டுகளைப் பரவலாக விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் தேய்த்துவிட்டு, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். வேறு வகை மையைக் கலக்கவே கூடாது. டை இங்க் பேடைக் கவிழ்த்து வைத்தால் மை மேல்பரப்பில் தயாராக இருக்கும். மஞ்சள் பேடில் சிவப்பு ஏறிவிட்டால் ஈரமான டிஷ்யூ தாளை வைத்து ஒற்றி எடுங்கள். ஒரே ஸ்டாம்பில் இரண்டு நிறம் தொடும்போது வெளிர் நிறத்தை முதலில் தொடுவதுதான் இதற்குத் தடுப்பு.

கிளியர் ஸ்டாம்ப் கட்டையில் ஒட்டாமல் விழுந்தால் தூசு படிந்திருக்கிறது. கழுவி, காற்றில் உலரவிட்டால் பசை திரும்ப வரும். மஞ்சளாகிவிட்டால் கவலை வேண்டாம். ரப்பர் ஸ்டாம்ப் கெட்டிப்பட்டு வெடிக்கத் தொடங்கினால் அதற்கு மருந்தில்லை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறைக்கு சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். முதல் கிறிஸ்துமஸ் அட்டை வந்ததற்கு அடுத்த வருடம். ஆனால் உறுதியாக்கிய ரப்பரையும் வெயிலும் எண்ணெயும் தின்றுவிடும். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

நீங்களே செதுக்கிய தமிழ் வாழ்த்து: எழுத்து சரி, வரிசை தலைகீழ். புள்ளியைக் காணோம்

தமிழ் வாழ்த்து ஸ்டாம்ப் வேண்டும் என்றால், பெரும்பாலும் நாமே செதுக்க வேண்டியிருக்கிறது. மென்மையான செதுக்கு ரப்பரில் இது ஒரு மாலை வேலை. ஆனால் இங்கிலீஷ் எழுத்துக்குச் சொல்லும் குறிப்புகள் நம் எழுத்துக்குப் போதாது.

வரிசை தலைகீழாக வந்தால், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் திருப்பி வரைந்திருக்கிறீர்கள். முழு வரியையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். பெத்லகேம் என்று செதுக்கினால் ரப்பரில் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். மனதில் கணக்குப் போட்டுத் திருப்பாதீர்கள். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேயுங்கள். பென்சில் தானாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். கத்தியை எடுப்பதற்கு முன்பு ஒரு கண்ணாடியில் காட்டி வாசித்துப் பாருங்கள்.

சுழிதான் அடுத்த சிக்கல். இனிய என்ற சொல்லில் னகரத்தின் இரண்டு சுழியும் அடைபட்டால் அது இரண்டு பொட்டாக விழும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். சுழியின் உள்ளே முதலில் கத்தி முனையைக் குத்தி, கத்தியை அசைக்காமல் ரப்பரைச் சுற்றுங்கள். குட்டிக் கூம்பாக ஒரு துணுக்கு வெளியே வரும். எல்லாச் சுழிகளையும் எடுத்து முடித்த பிறகுதான் எழுத்தின் வெளிப்பக்கத்தைச் செதுக்க வேண்டும். முதலிலேயே வெளிப்பக்கத்தை எடுத்துவிட்டால் சுழி குத்தும்போது மெல்லிய சுவர் ஆடிக் கிழியும்.

புள்ளிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள் என்பதில் மட்டும் ஆறு புள்ளி. ரப்பரில் ஒவ்வொன்றும் தனியே நிற்கும் ஒரு தூண். ஒல்லியாகச் செதுக்கினால் நாலாவது அச்சிலேயே ஒடிந்து, வாழ்த்து என்பது வாழத்து ஆகிவிடும். தடியாக விட்டால் எழுத்தைவிடப் புள்ளி பெரிதாகத் தெரியும். நான் இப்போது புள்ளியைச் செதுக்குவதே இல்லை. எழுத்துக்கு மேல் இடம் மட்டும் விட்டுவிட்டு, அச்சு காய்ந்ததும் தங்க நிற ஜெல் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் வைக்கிறேன். கரும்பச்சை எழுத்தின் மேல் ஆறு தங்கப் புள்ளிகள், மரத்தில் விளக்கு ஏற்றியதுபோல் இருக்கும். பேனா முனையை நேராக நிறுத்தி, தொட்டு, எடுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். ஜெல் மேடாக நிற்பதால் கால் மணி நேரமாவது விட்டு, விரல் நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உறைக்குள் போடுங்கள்.